'எனக்கென்னமோ தோணுது': நான்காம் வேற்றுமை பற்றி ஓர் ஆய்வு

கருத்துச் சொல்லத் தமிழில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. கருதுகிறேன், எண்ணுகிறேன், நினைக்கிறேன் என எத்தனையோ உண்டு. இருந்தும் சம்பந்தம் பேசும் கூடத்தில் பெரியவர்கள் இவற்றைத் தொடுவதில்லை. "எனக்கென்னமோ இந்த இடம் சரிப்படும்னு தோணுது" என்பதே வழக்கு. காரணம் விகுதியில் இருக்கிறது. 'நினைக்கிறேன்' என்பதன் வாலில் 'நான்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் மறுக்க முடியாது. 'தோணுது' அஃறிணை ஒருமை. இங்கே எழுவாய் கருத்துதான். சொன்னவரோ 'கு' உருபை ஏற்று, பக்கத்து வீட்டுத் தபாலை வாங்கி வைத்தவர்போல ஓரமாக நிற்கிறார். 'என்னமோ' என்பது கூடுதல் காப்பு.

இவ்வினையின் உண்மைக் குணம் இறந்தகாலத்தில்தான் வெளிப்படுகிறது. சம்பந்தம் நன்றாக அமைந்துவிட்டால் அதே பெரியவர், "நான் அப்பவே நினைச்சேன்" என்பார். நான்காம் வேற்றுமையிலிருந்து முதல் வேற்றுமைக்குப் பதவி உயர்வு! அமையாவிட்டால், "அன்னைக்கு அப்படித் தோணுச்சு, என்ன பண்றது?" ஆகவே வினையைத் தேர்ந்தெடுப்பது கருத்தின் உறுதி அன்று, அதன் விளைவு என்பது இவ்வாய்வின் துணிபு. புணர்ச்சி விகாரங்கள் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். இலக்கணிகள் எழுத்துக்குச் சொன்ன இவ்வரிசை கருத்துக்கும் அப்படியே பொருந்துவது தற்செயலாக இருக்க முடியாது.

எனக்குப் பசிக்கிறது, எனக்கு வலிக்கிறது என்பவையும் இதே அமைப்புத்தானே, அவற்றில் என்ன தந்திரம் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் சாப்பாடு ருசியாக இருந்ததற்காக யாரும் "நான் அப்பவே பசிச்சேன்" என்று உரிமை கொண்டாடுவதில்லை. பசி கடைசிவரை 'கு'வோடு நிற்கிறது. கருத்து மட்டுமே வேற்றுமை மாறுகிறது. "பஸ் போயிருக்கும்னு நினைக்கிறேன்" என்று சந்தேகத்திலும் 'நினைக்கிறேன்' வருகிறதே என்பது அடுத்த தடை. வரும், பஸ் போனதற்கு யாரும் அவரைப் பிடிக்கப்போவதில்லை அல்லவா?

நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை முதலிய பொருள்களைச் சொல்கிறார். பட்டியலை அவர் முற்றாக அடைக்காமல் 'ஆதி' என்று திறந்து வைத்திருப்பதால் இடமும் இருக்கிறது. அங்கே 'தப்பித்தல்' என்பதையும் சேர்த்துக்கொள்ளத் தமிழாசிரியர்கள் ஆவன செய்ய வேண்டும்.