பனி பெய்யாத ஊரில் வெடிக்கும் பைப்பு

குளிர்நாடுகளில் தண்ணீர் உறைந்து விரிவதால் குழாய் வெடிக்கிறது. பனியே காணாத மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தப் பொறுப்பைத் துருவும் நீரழுத்தமும் ஏற்றுக்கொண்டுள்ளன. பிரிக்பீல்ட்ஸ் போன்ற பழைய வட்டாரங்களில், துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் சுவருக்குள் அரித்துக்கொண்டிருக்கும். சுவருக்கு மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி புதுச் சாயம். ஊர் உறங்கும்போது பயன்பாடு குறைந்து அழுத்தம் கூடும். ஆகவே குழாய் வெடிக்க உகந்த நேரம், பிளம்பர் தூங்கும் நேரம். நீர்த்தடை முடிந்து ஆயர் சிலாங்கூர் நிறுவனத்தின் தண்ணீர் திரும்புகையில், முன்னால் ஓடிவரும் காற்றும் நலிந்த இணைப்புகளைப் பதம் பார்க்கும்.

எல்லாப் பைப்புகளையும் மூடிய பிறகும் மீட்டர் சுழன்றால் கசிவு உண்டு. மீட்டரைத் தாண்டி வீட்டுப் பக்கம் கசிந்தால் செலவு வீட்டுக்காரருடையது. வெடித்ததும் மூட வேண்டியது மீட்டரருகே உள்ள வால்வு. அது பெரும்பாலும் துளசித் தொட்டிக்குப் பின்னால், வீடு வாங்கிய நாள்முதல் திருகப்படாமல் இருக்கும்.