லாஞ்ச் பண்ணியாச்சா, பேராண்டி?

ஏலே, இங்கன வந்து உக்காரு. கையில என்ன அட்டை? ‘கிராண்ட் லாஞ்ச்’சா? கருப்பட்டிக் காப்பிக் கடைக்கா? பலே!

நாங்க கடை தொறந்தோம், பொஸ்தகம் வெளியிட்டோம், போராட்டம் தொடங்கினோம். இங்கிலீஷ்காரன் எல்லாத்துக்கும் ஒத்தச் சொல்லு வச்சிருக்கான். கப்பலைத் தண்ணியில எறக்குனாலும் லாஞ்ச். எதிரி மேல ஏவுகணை விட்டாலும் லாஞ்ச். செல்போன்ல ஆப்பைத் தொறந்தாலும் அதேதான். ஈட்டி எறியுறதுல பொறந்த சொல்லாம்ல அது. எறிஞ்சவன் சோலி முடிஞ்சுது. போய்க் குத்துச்சான்னு யாரு பாக்கது?

மேலத்தெருப் பயலும் போன மாசம் லாஞ்ச் பண்ணினான். ட்ரோன் பறக்கு, பூ சிதறுது, செல்ஃபி எடுக்கானுவ. ஒரு காப்பி குடுப்பான்னேன். “கேஸ் இன்னும் வரல தாத்தா”ங்கான்!

இப்பிடித்தான் அந்தக் காலத்துல சுவீடன் ராசா குஸ்தாவ் அடால்ஃப் ‘வாசா’ன்னு ஒரு கப்பல் கட்டச் சொன்னாரு. 64 பீரங்கி, சுத்தியும் சிற்பம். தண்ணியில எறக்குறப்ப நல்லாத்தான் மெதந்துச்சு. 1628 ஆகஸ்ட் 10, ஸ்டாக்ஹோம்ல மொதப் பயணம். ஊரே கரையில நிக்கு. ஒண்ணரைக் கிலோமீட்டர் போகல, லேசா காத்தடிச்சுது. சாஞ்சு முங்கிட்டு. மேல பாரம் சாஸ்தி, அடியில கனம் பத்தல. அலங்காரம் பாத்தவன் அடிப்பாரம் பாக்க வேண்டாமா?

நம்ம நாட்டுச் சேதியும் கேளு. 1979, அதே ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவுல எஸ்எல்வி-3 ராக்கெட்டு விட்டாவ. கடல்ல விழுந்துட்டு. திட்டத்துக்குத் தலை நம்ம ராமேஸ்வரத்துக் கலாம். ஆனா பத்திரிகைக்காரங்க முன்னால நின்னு பொறுப்பேத்தவரு இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறுவருசம் ஜூலை 18, அதே மாதிரி ராக்கெட்டு வானத்துக்குப் போய் ரோகிணி செயற்கைக்கோளைச் சேத்துட்டு. இந்தத் தடவ கலாமைப் பேசச் சொல்லிட்டு தவான் ஒதுங்கிக்கிட்டாரு. ஒங்க லாஞ்ச்ல கடை படுத்தா யாரு மைக்கு பிடிப்பா? சொல்லு பாப்போம்.

எதுக்குல முழிக்க? ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. ட்ரோனுக்கு ஆகுற துட்டுல நல்ல பாத்திரம் வாங்கு. கருப்பட்டியில கலப்படம் இருக்கான்னு நீயே நாக்குல வச்சுப் பாரு. மொத நாளு வாரது சொந்தக்காரக் கூட்டம். ஓசிக் காப்பிக்கு வாரான். ஏழாம் நாளு துட்டுக் குடுத்துக் குடிக்க எத்தன பேரு வாரான்? அதாம்ல கணக்கு.