பாட்டுக்காரப் பேராண்டிக்கு அப்புச்சி சொல்றது

கண்ணு, நீ பாடகனாகிப்போட்டேன்னு உங்கம்மா போன்ல சொன்னா. நெம்ப சந்தோசம். பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் சாயங்காலம் பாட்டுக்காரனாவும் இல்லீன்னா ஆளாவே மதிக்க மாட்டாங்களாமா. வெளிநாட்டு மைக்கு, காதை அடைக்கிற ஹெட்போன், சுவத்துக்குப் பஞ்சு அட்டை எல்லாம் வாங்கிப்போட்டியாம். இனிப் பாட்டு ஒண்ணுதான் பாக்கி.

அதுக்கும் நீ சிரமப்பட வேண்டியதில்லை. ஆட்டோ ட்யூன்னு ஒரு சாப்ட்வேர் இருக்குதே, கோணலா விழுந்த சுதியை நிமித்தி வெக்கிறது, அதை 1997-ல கொண்டாந்தவரு ஆண்டி ஹில்டெபிராண்டுன்னு ஒரு அமெரிக்காக்காரரு. அதுக்கு முன்னால அவருக்கு என்ன சோலி தெரியுமா? பூமிக்குள்ள அதிர்வை அனுப்பி, அது திரும்பி வர்ற கணக்கை வெச்சு எண்ணெய் எங்கிருக்குன்னு தேடறது. நீ அனுப்பின பாட்டைக் கேட்டேன். சரியான ஆளுகிட்டத்தான் போயிருக்கே. உன்ற பாட்டுல சுதி அத்தனை ஆழத்துலதான் கெடக்குது.

சரி, கிண்டல் போதும். உங்கூர்ச் சங்கதியே ஒண்ணு சொல்றேன். உங்கூர்னா எங்கூருந்தான். நம்ம தாளவாடிப் பக்கத்துக் காஜனூர்க்காரரு முத்துராஜு, கன்னடத்துக்காரங்க ராஜ்குமார்னு கும்பிடறவரு. அவரு நடிச்ச படத்துக்கு வருசக்கணக்கா பாடினது காக்கிநாடாவுல பொறந்து மெட்ராசுல வாழ்ந்த பி.பி.சீனிவாஸ். பேசற குரலும் பாடற குரலும் அப்படி ஒட்டிப்போச்சு. பாடினவரு பாட்டுக்குள்ள காணாமப் போயிட்டாரு. திரையில வாயசைச்சவருதான் தெரிஞ்சாரு. அதே சீனிவாஸ் தமிழுக்கு வந்தா ஜெமினி கணேசனாயிருவாரு. நீ என்ன பண்றே? காதல் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எதைக் கொடுத்தாலும் முதல் வரியிலயே "நாந்தான் வந்திருக்கேன், பாத்துக்க"ன்னு கையைத் தூக்கறே. வீடியோவுல பார்த்தேன், கை நல்லாத்தான் பாடுது.

இன்னும் கேளு. அந்த ராஜ்குமாரு குப்பி வீரண்ணா நாடகக் கம்பெனியில இருந்த மனுசன். பாடத் தெரியாதவனுக்கு அந்தக் காலத்து மேடையில வேசம் ஏது? அப்படி இருந்தும் சினிமாவுல ஒண்ணு ரெண்டு பாட்டோட நிறுத்திக்கிட்டு, இருவது வருசம் அடுத்தவரு குரலுக்கு வாயசைச்சாரு. 1974-ல 'சம்பத்திகே சவால்' படத்துக்கு ஜி.கே.வெங்கடேஷ் இசையில ஒரு பாட்டுப் பாடினாரு பாரு, அப்புறம் அவரு பாட்டெல்லாம் பெரும்பாலும் அவரே. கடைசியில 'ஜீவன சைத்ரா' படத்துக்காக 1992-க்கான தேசிய விருது கெடைச்சுது. நடிப்புக்கில்லீங்க சாமி, பாட்டுக்கு! நடிகர்னு அந்த விருது அவருக்கு ஒருக்காலும் வரலை. வாயசைக்கிறவன் மூச்சு எங்கே எடுக்கோணும், சொல்லு எங்கே விழோணும்னு ஒவ்வொண்ணாக் கேட்டுத்தானே ஆகோணும். இருவது வருசமா அவரு பாடம் படிச்சிருக்காருன்னு நான் சொல்றேன். நீ யாரு பாட்டையாவது முழுசா ஒருவாட்டி, நடுவுல கூடவே முணுமுணுக்காம, பொட்டாட்ட உக்காந்து கேட்டிருக்கியா?

எஸ்.பி.பாலசுப்ரமணியம் முறைப்படி கர்நாடக சங்கீதம் படிக்காதவரு. 'சங்கராபரணம்' படத்துக்குப் பாடச் சொன்னப்போ, கே.வி.மகாதேவனோட உதவியாளர் புகழேந்தி சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கொடுக்கக் கேட்டுப் பாடினாரு. தேசிய விருது வந்துச்சு. "அவரே படிக்கலையே, நான் எதுக்குப் படிக்கோணும்"னு நீ இப்போ வாயைத் தொறப்பேன்னு தெரியும். அவரு 1981-ல உபேந்திரகுமார் இசையில ஒரே நாள்ல 21 கன்னடப் பாட்டைப் பாடி முடிச்சவரு. நீ ஒரு பல்லவிக்கு மூணு வாரம் லீவு போட்டவன். அவரு படிக்காததை விட்டுப்போட்டு, அவரு கேட்டதைப் பழகு.

தொண்டை விசயம் ஒண்ணு. ஒரு கட்டை சுதியில நீ சட்ஜம் பிடிச்சு நின்னா, உள்ளுக்குள்ள ரெண்டு சவ்வும் செகண்டுக்குச் சுமாரா 130 தடவை மோதிக்குது. மேலே போகப் போக இன்னும் வேகம். அதுக மேல ஐஸ் பீரை ஊத்திப்போட்டு, கோரமங்கலா பப்புல ராத்திரி பதினோரு மணிக்கு, டிரம்முக்கு மேல கத்தறியே, பலே. வெடியால எந்திரிச்சு, மந்திர ஸ்தாயியில, சத்தமே இல்லாத மாதிரி அரை மணி நேரம் அகாரம் பிடிச்சுப் பாரு. தம்புராவை, உங்க காலத்துக்குச் சுதிப்பெட்டியை வெச்சுக்கிட்டு, ஒரு காதை லேசாப் பொத்திக்க. அப்போ தெரியும் நீ எவ்வளவு தள்ளி நிக்கறேன்னு. எடுத்த எடுப்புல உச்சத்துக்குத் தாவினா கைதட்டு வரும். மறுநாள் பேச்சு வராது. ருத்ரபட்டணத்து ஆர்.கே.ஸ்ரீகண்டன் பெங்களூருல தொண்ணூறு வயசு தாண்டியும் கச்சேரி பண்ணினாரு. நீ முப்பதுலயே மிளகும் மஞ்சளும் தேடறே.

சொல்லுச் சுத்தமும் அந்த ஸ்ரீகண்டன்கிட்டத்தான் கேக்கோணும். நீ போன மாசம் பாடின பாட்டுல மழை எல்லாம் மளையாப் பேஞ்சுது. தாமரைக்கண்ணன்னு வந்த இடத்துல மூச்சு முட்டி, "தாம்"னு நிறுத்தி "அரைக்கண்ணன்"னு எடுத்தே. சாமிக்கு ஒண்ணரைக் கண்ணைப் புடுங்கின பாவம் உனக்கு வேணாம்.

தைரியம்னா, உங்க பெங்களூருப் பேரையே தன் பேருக்கு முன்னால வெச்சிருந்த நாகரத்தினம்மாளைப் பாரு. தேவதாசி மரபுல பொறந்த பொம்பளை. பாடிச் சம்பாதிச்ச காசைப் போட்டுத் திருவையாத்துல தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டி, 1925-ல குடமுழுக்குப் பண்ணிப்போட்டாங்க. அங்க நடக்கற தியாகராஜர் ஆராதனையில பொம்பளைக பாடப்படாதுன்னு தடுத்தாங்க. அந்தம்மா பொம்பளைகளைத் திரட்டித் தனி ஆராதனையே நடத்திக் காட்டுனாங்க. உனக்கு யூடியூப்புல ஒருத்தன் "ம்யூட் பண்ணுங்கப்பா"ன்னு எழுதினதுக்கு ரெண்டு நாள் சோறு எறங்கலையாமா.

இப்போதைக்கு டிவி போட்டிக்குப் பேர் கொடுக்காதே. வர்ற ராமநவமிக்குச் சாமராஜ்பேட்டை கோட்டை ஐஸ்கூல் மைதானத்துல ராமசேவா மண்டலிக்காரங்க கச்சேரி போடுவாங்க. 1939-ல ஆரம்பிச்ச மண்டலி, பெரிய பெரிய வித்வான்க எல்லாம் அந்தப் பந்தல்ல பாடியிருக்காங்க. ரெண்டு டிக்கெட் எடுத்து வை, நானும் பஸ் ஏறி வந்தர்றேன். ஒண்ணே ஒண்ணு சாமி: மங்களம் பாடி முடியற வரைக்கும் நீ வாயைத் தொறக்கப்படாது.