சுரப்பதிகாரம்: உறவியல்

பாயிரம்

பாயிரம் இல்லாததை நூல் என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆகையால் அதை முதலில் முடித்துவிடுவோம். இந்நூலின் பெயர் சுரப்பதிகாரம். நுதலிய பொருள், ஆக்சிடோசின் என்னும் மூளைச் சுரப்பும், அது பாலூட்டிகளுக்கிடையே மூட்டிவிடும் பாசமும் பகையும். எல்லை, வடக்கே இல்லினாய்ப் புல்வெளி, தெற்கே கலஹாரிப் பாலை, நடுவே மாடு கறக்கும் ஊர்கள் அத்தனையும். வழி, ஆய்வுக்கூடத்து எலிகள் போன வழி. கேட்போர், ‘காதல் ஹார்மோன்’, ‘கட்டிப்பிடி ஹார்மோன்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்து நம்பியவர்கள். பயன், அந்த நம்பிக்கையில் பாதியாவது குறைதல்.

பிறப்பியல்

சுரப்பது ஹைப்போதலாமஸில், சேர்ந்திருப்பது பிட்யூட்டரியின் பின்மடலில். அங்கிருந்து இரத்தத்தில் இறங்கிக் கருப்பைக்கும் மடிக்கும் போகிறது. மூளைக்குள்ளே நரம்புகள் வழியாகத் தனியாகவும் பரவுகிறது. ஒருமுறை இரத்தத்தில் இறங்கியது மீண்டும் மூளைக்குள் ஏறுவது மிக அரிது. வாசகர் இதை முடிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மூக்கு மருந்து வரும்போது தேவைப்படும்.

1906இல் ஹென்றி டேல் பிட்யூட்டரிச் சாற்றைச் செலுத்திப் பூனையின் கருப்பை சுருங்குவதைக் கண்டார். வின்சென்ட் டு விக்னோ அதன் அமைப்பைப் பிரித்தறிந்து, ஆய்வுக்கூடத்தில் செய்தும் காட்டி, 1955இல் வேதியியல் நோபல் பரிசு வாங்கினார். மொத்தம் ஒன்பது அமினோ அமிலங்கள். குறளைவிட இரண்டு சீர்தான் அதிகம். இதன் உடன்பிறப்பு வாசோபிரசின். ஒன்பதில் இரண்டு மட்டும் வேறு. சிறுநீரகத்தில் தண்ணீரைப் பிடித்துவைப்பது அதற்கு ஊரறிந்த தொழில். ஊரறியாத தொழில் ஒன்றும் உண்டு, அது உரிய இடத்தில் உரைக்கப்படும்.

திணையியல்

சூத்திரம்: சுரப்பு ஒன்றே, ஏற்பி நின்ற இடமே திணை.

இச்சூத்திரம் என்நுதலிற்றோ எனின், எல்லாப் பாலூட்டிக்கும் சுரப்பு ஒன்றாயிருக்க, ஒன்று குடும்பஸ்தனாகவும் மற்றொன்று நாடோடியாகவும் ஆவது ஏன் என்பதை உணர்த்துதல் நுதலிற்று. பேருந்து ஒன்றுதான்; நிறுத்தம் இருக்கும் ஊரில்தான் ஆள் இறங்க முடியும். சுரப்பைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் எந்தப் பகுதியில் மண்டிக் கிடக்கின்றனவோ அந்தப் பகுதியின் வேலைதான் தூண்டப்படும். வாசனையை அறியும் பகுதியில் இருந்தால் குட்டியின் மணம் மனத்தில் பதியும். இன்பத்தை எடைபோடும் பகுதியில் இருந்தால் துணையின் அருகாமை இனிக்கும்.

இதை வைத்துப் பாலூட்டிகளை ஆறு திணையாகப் பகுக்கலாம். ஏழாகவும் பகுக்கலாம் என்பார் உளர்; அவர்கள் வேறு நூல் எழுதிக்கொள்ளட்டும்.

தாய்த்திணை

முதலும் மூத்ததும் இதுவே. குட்டி போடாத பெண் எலி, குட்டியைக் கண்டால் ஒதுங்கும். சில சமயம் தின்றும்விடும். 1979இல் கோர்ட் பெடர்சனும் ஆர்தர் பிராங்கும், ஈஸ்ட்ரஜன் கொடுத்துப் பக்குவப்படுத்திய கன்னி எலிகளின் மூளைக்குள் ஆக்சிடோசினைச் செலுத்தினார்கள். அன்றுவரை அம்மா ஆகாத எலிகள் குட்டிகளைக் கவ்விக் கூட்டில் சேர்த்தன, நக்கின, அணைத்துப் படுத்தன. சுண்டெலிகளில் இன்னும் நுட்பமாகப் பார்த்தவர்கள் பியான்கா மார்லினும் ராபர்ட் ஃபிரோம்கேயும். கூட்டிலிருந்து விலகிய குட்டி மனிதக் காதுக்கு எட்டாத குரலில் கத்தும். கன்னிச் சுண்டெலிக்கு அது வெறும் இரைச்சல். இடப்பக்கச் செவிப்புறணியில் ஆக்சிடோசின் பட்டால் அதே இரைச்சல் அழைப்பாகக் கேட்கத் தொடங்குகிறது. 2015இல் வந்த ஆய்வு இது.

ஆயினும் இத்திணையின் தலைமகள் செம்மறியாடுதான். எலியின் பாசம் பொதுப்பாசம். எந்தக் குட்டியானாலும் சரி. ஆடு அப்படியல்ல. ஈன்ற ஆடு குட்டியை நக்கியபடியே அதன் மணத்தை மனத்தில் வாங்கிக்கொள்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் பாடம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வேறு குட்டி மடியருகே வந்தால் முட்டித் தள்ளும். கீத் கெண்ட்ரிக், பாரி கெவர்ன் முதலானோர் கேம்பிரிட்ஜ் பக்கம் பல ஆண்டுகள் செய்த ஆய்வில் இதன் விசை தெரிந்தது. குட்டி பிறப்புப் பாதையில் இறங்கும்போது ஏற்படும் அழுத்தமே மூளைக்குள் ஆக்சிடோசினைத் திறந்துவிடுகிறது. அது வாசனை மூளையில் போய்ப் புதிதாக வந்த ஒரே மணத்தைக் கல்வெட்டாக்குகிறது. ஆகவே தாயன்பு என்று நாம் கும்பிடுவது செய்யும் முதல் காரியங்களில் ஒன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் துரத்துவது. இந்த நூலுக்கு இதுவே உயிர். மற்றத் திணைகளில் இது வேறு வேறு வேடத்தில் வரும்.

துறை: மடி சுரத்தல். கன்று முட்டி ஊட்டினால் நரம்பு வழியே மூளைக்குச் செய்தி போய், ஆக்சிடோசின் இரத்தத்தில் வந்து, பால்பைகளைச் சுற்றியுள்ள தசையிழைகளை இறுக்க, பால் காம்புக்கு இறங்குகிறது. பயந்த மாடும் புது ஆளைக் கண்ட மாடும் பாலை அடக்கிக்கொள்வது இதே கணக்கில்தான். கன்று செத்துவிட்டால் அதன் தோலில் வைக்கோல் திணித்து மாட்டின் முன் நிறுத்தும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. மணம்தான் பிள்ளை என்பதை நோபல் பரிசு இல்லாமலேயே தெரிந்துவைத்திருந்தார்கள். இப்போது சிலர் அந்தச் சிரமமும் படாமல் ஆக்சிடோசினையே மாட்டுக்கு ஊசியாகப் போடுகிறார்கள். இந்த முறைகேட்டைச் சொல்லி மத்திய அரசு 2018இல் தனியார் நிறுவனங்கள் அதை உள்நாட்டு விற்பனைக்குத் தயாரிக்கத் தடை விதித்தது. பிரசவ அறைக்கு மருந்து கிடைக்காமல் போகும் என்ற வாதம் எழுந்தது. அவ்வாண்டின் இறுதியில் தில்லி உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது.

இணைத்திணை

வோல் என்பது குட்டை வாலும் உருண்டை உடம்புமாக, நாற்பது கிராம் அளவில் நிற்கும் எலி. பாலூட்டிகளில் ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழும் இனங்கள் பத்து சதவீதத்துக்கும் கீழே. அந்தச் சிறுபான்மையில் ஒன்று பிரெய்ரி வோல். 1970களில் இல்லினாயில் லோவல் கெட்ஸ் என்பவர் எலிக்கணக்கு எடுக்கப் பொறி வைத்தார். ஒரே ஆணும் ஒரே பெண்ணும் ஒரே பொறியில் திரும்பத் திரும்பச் சேர்ந்தே மாட்டின. அவர் இதை சூ கார்டரிடம் சொல்ல, அங்கிருந்து கிளம்பியது ஒரு தனித் துறையே.

கற்பைச் சோதிக்க இத்துறையினர் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். மூன்று அறைப் பெட்டி. ஒரு கோடியில் துணை, மறு கோடியில் அயலார், இருவரும் கட்டிவைக்கப்பட்டிருப்பார்கள். நடுவில் நம் வோல், கட்டில்லாமல். மூன்று மணி நேரம் அது யாரோடு ஒட்டி உட்காருகிறது என்று கேமரா பார்க்கும். பிரெய்ரி வோல் துணையை விட்டு நகராது. அதன் நெருங்கிய உறவான மெடோ வோலும் மலை வோலும் தம் அறையில் தனியே இருக்கும், அல்லது மூலைக்கு மூலை திரியும்.

சுரப்பில் வேறுபாடில்லை; நிறுத்தத்தில்தான். பிரெய்ரி வோல் பெண்ணின் மூளையில், இன்பம் கணக்கிடப்படும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில் ஆக்சிடோசின் ஏற்பிகள் அடர்ந்திருக்கின்றன; மலை வோலுக்கு அங்கே வறட்சி. தாமஸ் இன்செல் குழுவினர் 1992இல் இதைக் காட்டினார்கள். ஏற்பியை மருந்தால் அடைத்துவிட்டால் பிரெய்ரி வோல் கூடும், ஆனால் ஒட்டாது. கூடாமலே சுரப்பை மட்டும் மூளைக்குள் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும். ஆண் வோலுக்கு இந்த வேலையைப் பெரும்பாலும் பார்ப்பது வாசோபிரசின். முன்னே ‘உரிய இடத்தில்’ என்றது இதைத்தான். கூடிய ஆண் துணையோடு ஒட்டுவதோடு நிற்பதில்லை, அயல் வோல்களைக் கடிக்கவும் தொடங்குகிறது. ஆட்டில் பார்த்த அதே முட்டல்.

2004இல் அட்லாண்டாவில் லாரி யங்கின் ஆய்வுக்கூடத்தார், நாடோடியான மெடோ வோல் ஆணின் மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வாசோபிரசின் ஏற்பியின் மரபணுவை வைரஸ் மூலம் கூடுதலாக நட்டார்கள். அது துணையோடு போய் உட்கார்ந்தது. பத்திரிகைகள் குதித்த குதி சொல்லி முடியாது. கணவர்களுக்கு எப்போது வரும் என்று கேட்டவர்களும் உண்டு.

அற்றேல் அஃதாக, பிரெய்ரி வோல் உண்மையிலேயே உத்தமனா எனின், அன்று. களத்தில் பிறந்த குட்டிகளின் மரபணுவைப் பார்த்தால் சிலவற்றுக்கு அப்பா வேறு. வீடு ஒன்று, அவ்வளவே. இதைச் ‘சமூகக் கற்பு’ என்று வகைப்படுத்தி ஆய்வாளர்கள் நிம்மதியடைந்தார்கள். வகைப்படுத்துவதன் பயனே அதுதானே.

கூட்டத்திணை

கலஹாரியின் மீர்கேட்டுகள். காட்டு மீர்கேட்டுகளுக்கு ஆக்சிடோசின் ஊசி போட்டபோது அவை கூடுதலாகத் தோண்டின, கூடுதலாகக் காவல் நின்றன, குட்டிகளுக்குக் கூடுதலாக ஊட்டின, சச்சரவைக் குறைத்தன. 2011இல் வெளிவந்தது. இத்திணைக்கு இவ்வளவு போதும். நல்லவர்களைப் பற்றி எழுத அதிகம் இருப்பதில்லை.

வஞ்சித்திணை

மேலே சொன்னவை அகம், இது புறம். உகாண்டாவின் புடோங்கோ காட்டில் சிம்பன்சிகளின் சிறுநீரை இலையிலிருந்து உறிஞ்சி எடுத்து ஆய்ந்தவர்கள், நெருங்கிய தோழனோடு பேன் பார்த்த பிறகு ஆக்சிடோசின் ஏறியிருப்பதைக் கண்டார்கள். கேட்க இதமாயிருந்தது. 2017இல் ஐவரி கோஸ்டின் தாய் (Taï) என்னும் காட்டிலிருந்து வந்த செய்தி அவ்வளவு இதமில்லை. சிம்பன்சிகள் அணி சேர்ந்து எல்லை தாண்டிப் பக்கத்துக் கூட்டத்தின் மேல் போகும்போது, போர் தொடங்கும் முன்பே அதே சுரப்பு ஏறிக் கிடந்தது.

மனிதர்களும் இத்திணைக்குப் புறம்பல்லர். ஆம்ஸ்டர்டாமில் கார்ஸ்டன் டி ட்ரூ 2010இல் தொடங்கிச் செய்த சோதனைகளில், இச்சுரப்பை மூக்கில் வாங்கியவர்கள் தம் குழுவுக்கு அதிகம் விட்டுக்கொடுத்தார்கள், அந்தக் குழுவைக் காக்க வெளியாரை எதிர்க்கவும் துணிந்தார்கள். நம்மவர் என்று ஒரு கோடு கிழித்தால் கோட்டுக்கு வெளியே ஒருவர் நிற்கத்தான் வேண்டும். இந்தச் சோதனைகளின் அளவு சிறிது என்ற குறை உண்டு. ஆனால் சிம்பன்சியும் ஆடும் ஒரே பக்கம் சாட்சி சொல்கின்றன.

பெருந்திணை

பொருந்தாக் காமம் பெருந்திணை. இங்கே நாயும் மனிதனும். 2015இல் ஜப்பானில் மிஹோ நாகசாவாவும் டகெஃபுமி கிகுசுயியும், நாயும் அதன் உரிமையாளரும் ஒருவரையொருவர் அதிக நேரம் பார்த்துக்கொண்டால் இருவர் சிறுநீரிலும் ஆக்சிடோசின் ஏறுகிறது என்று கண்டார்கள். கையால் வளர்த்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை. இலக்கணம் ஒருவரை உயர்திணையிலும் மற்றொன்றை அஃறிணையிலும் வைத்திருக்கிறது. சுரப்பு இலக்கணம் படிக்கவில்லை. சிறுநீரில் அளந்ததை வைத்து மூளையில் நடந்ததைச் சொல்லலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் அந்தச் சண்டைக்குக் காத்திருக்கவில்லை.

கைக்கிளை

ஒருதலைக் காமம். இங்கே தலைவன் மனிதன், தலைவி மூக்கு மருந்து. தலைவி பதில் சொல்வதில்லை.

2005இல் சூரிக்கில் மிகேல் கோஸ்ஃபெல்டும் மற்றவர்களும் ஒரு பண விளையாட்டு நடத்தினார்கள். முன்பின் தெரியாதவரிடம் பணத்தைக் கொடுத்து, அவர் நேர்மையாகத் திருப்பித் தருவார் என்று நம்ப வேண்டும். ஆக்சிடோசினை மூக்கில் அடித்துக்கொண்டவர்களில் 45 சதவீதம் பேர் மொத்தப் பணத்தையும் கொடுத்தார்கள். மருந்தில்லாத வெறும் தெளிப்பு வாங்கியவர்களில் 21 சதவீதம். உலகம் கொண்டாடியது. ஒவ்வொரு குழுவிலும் இருந்தவர்கள் 29 பேர். 2020இல் பெல்ஜியத்தில் கரோலின் டெக்லெர்க் குழுவினர் பன்மடங்கு பெரிய கூட்டத்தோடு திரும்பச் செய்தபோது அந்த விளைவு தென்படவில்லை. ஆட்டிசம் உள்ள 290 பிள்ளைகளுக்கு 24 வாரம் இந்த மூக்கு மருந்தைக் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2021இல் வந்தது. வெறும் தெளிப்பைவிட மேலான பலன் இல்லை. இரத்தத்திலிருந்து மூளைக்கு ஏறுவது மிக அரிது என்று முன்னே முடிந்துவைத்ததை இப்போது அவிழ்த்துக்கொள்ளலாம். மூக்கில் அடித்ததில் எவ்வளவு மூளைக்குப் போய்ச் சேர்கிறது என்பதே வழக்கில் இருக்கும் விஷயம்.

புறனடை

எந்த இயலுக்கும் இறுதியில் புறனடை வைப்பார்கள்: இங்கே சொல்லாமல் விட்டதையும் இதனுள் அடக்கிக் கொள்க என்று. இந்நூலின் புறனடை கொஞ்சம் வேறு மாதிரி. அது நூலையே அடக்கிக்கொள்ளப் பார்க்கிறது.

2023இல் கலிஃபோர்னியாவில் தேவானந்த் மனோலியும் நிராவ் ஷாவும் மரபணுத் திருத்தத்தால் ஆக்சிடோசின் ஏற்பியே இல்லாத பிரெய்ரி வோல்களை உருவாக்கினார்கள். முப்பதாண்டு நூல்களின்படி அவை நாடோடிகளாகத் திரிந்திருக்க வேண்டும். அவை துணை தேடி ஒட்டிக்கொண்டன. அயலாரை ஒதுக்கின. குட்டி ஈன்றன, பாலும் கொடுத்தன. குட்டிகள் எடை குறைந்தும் எண்ணிக்கையில் குறைந்தும் தேறின என்பதுதான் கேடு. பிறவியிலேயே ஒரு வழி அடைபட்டால் மூளை வேறு வழி போட்டுக்கொள்கிறது போலும் என்கிறார்கள். மருந்தால் அடைத்த பழைய சோதனைகள் பொய்யாகிவிடவில்லை. ஆனால் இணைத்திணைக்கு ஆக்சிடோசின் ஒன்றே முதற்பொருள் என்று எழுதிய உரைகள் திருத்தப்பட வேண்டும், இவ்வுரை உட்பட.

ஆகவே என் தீர்ப்பு: இதற்குக் ‘காதல் ஹார்மோன்’ என்ற பட்டம் செல்லாது. யார் நம்மவர் என்று குறித்துவைக்க உதவும் பல கைகளில் இது ஒன்று. அந்தக் குறிப்பை வைத்து அணைப்பதா, கடிப்பதா என்பதை இடமும் இனமும் முடிவுசெய்கின்றன. இணையத்தில் நம்பிக்கை தரும் மருந்து என்று குப்பியில் விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். அடித்துக்கொள்ளும் முன்பே அவர்களை நம்பிவிட்டீர்கள் என்றாகும்.

ஐயமே இல்லாத வேலை ஒன்று இதற்கு உண்டு. குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு இரத்தப்போக்கு மிகாமல் தடுக்க 10 யூனிட் ஆக்சிடோசின் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். வெப்பத்தில் கிடந்தால் வீரியம் போய்விடும்.