பேரேட்டுப் பெருமானுக்கு ஒரு வாழ்த்து

பிளாக்செயின் பேரேடே, உன்னைப் போன்ற சத்தியசந்தனை உலகம் கண்டதில்லை. எழுதியதை அழிக்க மாட்டாய், யாருக்காகவும் திருத்த மாட்டாய். அனுப்புகிறவன் கையெழுத்து சரியா, கணக்கில் பணம் இருக்கிறதா என்று ஆயிரக்கணக்கான கணினிகளை உட்காரவைத்துச் சோதிப்பாய். இந்தக் கண்டிப்பெல்லாம் வீட்டுக்குள்தான். வெளியே என்ன விலை என்று ஆரக்கிள் என்னும் சேதிக்காரன் வந்து சொன்னால், மறுபேச்சின்றி எழுதிக்கொள்வாய். விருந்தாளியைச் சந்தேகிப்பது பண்பா?

2020 நவம்பரில், 1 டாலரில் நிற்க வேண்டிய டாய் நாணயம் காயின்பேஸ் புரோ சந்தையில் சற்று நேரம் 1.30 டாலருக்குப் போனது. உன்மேல் நடக்கும் காம்பவுண்ட் கடன் சேவை அந்த ஒரு சந்தையின் சொல்லை வேதமாகக் கொண்டது. டாயில் கடன் வாங்கியிருந்தவர்களின் கடன் கணக்கில் வீங்கியது; அவர்களின் அடமானம் 8 கோடி டாலருக்கும் மேல் பறிபோனது. குரு ஒருவர் போதாதா என்ன!

உன் நம்பிக்கையின் சிகரம் 2022 மே. ஒரு மாதம் முன்பு 100 டாலரைத் தாண்டியிருந்த லூனா நாணயம் மளமளவென்று சரிந்தது. விலை சொல்லும் செயின்லிங்க் ஆரக்கிள், அத்தனை அடிமட்ட விலைக்கு ஏற்பாடு இல்லாமல், 10.7 சென்ட்டோடு வாயை மூடிக்கொண்டது. சந்தையில் லூனா ஒரு சென்ட் வரை இறங்கியது. வீனஸ் என்ற கடன் சேவையோ கடைசியாகக் காதில் விழுந்ததையே பிடித்துக்கொண்டு நின்றது. என்ன உறுதி! விவரம் தெரிந்தவர்கள் மலிவு விலைக்கு லூனாவை அள்ளிவந்து, 10.7 சென்ட் கணக்கில் அடகு வைத்து, நல்ல நாணயங்களாகக் கடன் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். தெருமுனை அடகுக்கடைக்காரர் என்றால் உரைகல்லில் ஒரு தேய் தேய்த்திருப்பார். அந்த அற்பப் புத்தி உனக்கேது?

பொற்கொல்லன் பேச்சை விசாரிக்காமல் நம்பிய பாண்டியன், உண்மை தெரிந்ததும் உயிரை விட்டான். மனத்திடம் இல்லாதவன். நீ பொய் என்று தெரிந்த பிறகும் நிதானமாக அடுத்த பக்கத்தை எழுதுகிறாய்.

நான்கு இடத்தில் விலை கேள், நடுமதிப்பை எடுத்துக்கொள், சொன்ன நேரம் பழையதானால் கடையைச் சாத்து என்று சிலர் உன்னிடம் யோசனை சொல்லி வருகிறார்கள். வீண் செலவு, வீண் தாமதம். உன் வேகத்துக்கு அடுக்குமா?

வீனஸுக்கு நஷ்டம் 1.1 கோடி டாலருக்கும் மேல். அந்தக் கடன்கள் அத்தனையும் ஓர் எழுத்துப் பிசகாமல் உன் ஏட்டில் இருக்கின்றன. சந்தேகப்படுகிறவர்கள் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.