பலகைக்குப் பின்னால்

சிவப்பு முக்கோணம் ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸின் முதுகிலும் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரிலும் தலைகீழாக நின்றுகொண்டிருக்கும். பக்கத்தில் நாலு முகம்: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். ‘நாம் இருவர், நமக்கு இருவர்.’ அந்த நாலில் ஒன்றுகூட அமைச்சர் முகம் இல்லை. எழுத்து தெரியாதவருக்கும் சேதி போய்ச் சேர வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருந்தார்கள்.

அதற்காக அந்தக் காலத்துக்கு ஆரத்தி எடுக்க வேண்டாம். நெருக்கடி நிலையில் அதே முக்கோணம் கத்தியானது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடைகள். கெஞ்சிக்கொண்டிருந்த விளம்பரம் ஆளைப் பிடித்து இழுத்துப்போய் அறுத்தது.

போலியோ கதை வேறு. திரையில் அமிதாப் பச்சன் அதட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனையில் ஐஸ் பெட்டியோடு ஒரு நர்ஸம்மா நின்றார். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் ஒரு பிள்ளையும் முடமாகவில்லை என்றால், அது அமிதாப்பின் குரலால் அல்ல, அந்தப் பெட்டியால். 2003 வாக்கில் தமிழ்நாடு முழுக்க ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று பலகைகள் முளைத்தன. யார் அந்தப் புள்ளிராஜா என்று டீக்கடை டீக்கடையாகப் பேச்சு. வாயில் வராத வார்த்தையை ஊரே பேசியது. தலைவர் படம் தேவைப்படவில்லை.

இப்போது படம்தான் சேதி.

அரசு விளம்பரத்தில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி மூவர் படம் மட்டும் இருக்கலாம் என்று 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநிலங்கள் துடித்துப் போயின. பத்தே மாதத்தில் முதல்வர், ஆளுநர், அமைச்சர்களுக்கும் அனுமதி வாங்கிவிட்டார்கள். மக்கள் நலனுக்காக இவ்வளவு ஒற்றுமையாக இவர்கள் எப்போது போராடியிருக்கிறார்கள்? அது கிடக்கட்டும். பெட்ரோல் பங்கில் தலைமை நீதிபதி சிரித்துக்கொண்டிருக்கும் போர்டை நீங்கள் பார்த்ததுண்டா? அனுமதி அவருக்கும்தான் இருக்கிறது, பாவம்.

பெண் குழந்தையைக் காப்போம், படிக்க வைப்போம் என்று 2015இல் ஒன்றிய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 2016 முதல் 2019 வரை அதற்கு விடுவித்த தொகை 446.72 கோடி ரூபாய். அதில் 78.91 சதவீதம் விளம்பரத்துக்கே போய்விட்டது என்று சொன்னது நாடாளுமன்றக் குழு, எதிர்க்கட்சி அல்ல. அதாவது 350 கோடிக்கு மேல் செலவழித்து, ‘பெண்ணைப் படிக்க வையுங்கள்’ என்று பெண்ணைப் பெற்றவனுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் வயதுக்கு வந்த மகளை நிறுத்தியவன் அவன். இந்த நாட்டில் தாழ்ப்பாளுக்கு மட்டும் விளம்பரத் தூதர் கிடைப்பதில்லை.

2021 மே மாதம். கொரோனாவால் சுடுகாட்டில் வரிசை. யாருக்குப் போன் போட்டாலும், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு குரல். ஊசியே கையிருப்பில் இல்லாதபோது எதற்கு இந்த எரிச்சலூட்டும் ஒலி என்று டெல்லி உயர் நீதிமன்றமே பொறுமை இழந்து கேட்டது. ஊசி கிடைக்காதவருக்குக் குரல். கிடைத்தவருக்குச் சான்றிதழில் பிரதமர் படம்.

டெல்லியை மட்டும் திட்டினால் நமக்குச் சோறு செரிக்காது. ‘மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு.’ பாட்டிலில் அச்சடித்த இந்த வாசகத்தைவிட நேர்மையான பொதுநல விளம்பரம் உலகில் கிடையாது. கேடு என்று எழுதிக் கொடுத்து, கேட்டையும் கொடுத்து, பணத்தையும் எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள். 2023-24இல் அரசு மதுக்கடையான டாஸ்மாக் வழியாகத் தமிழக அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கு மேல். இதைக் கவனிக்கும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. பெயரில் ‘மதுவிலக்கு’ முன்னால் நிற்கிறது, போர்டுக்கு அழகாக.

அந்தத் துறையே விழிப்புணர்வுப் பேரணியும் நடத்தும். பள்ளிப் பிள்ளைகளின் கையில் அட்டையைக் கொடுத்து வெயிலில் நிறுத்துவார்கள், கலெக்டர் கொடியசைப்பார், ‘குடிக்காதே அப்பா’ என்று பிள்ளைகள் கத்திக்கொண்டே போவார்கள். பேரணி எப்போதும் காலையில்தான். கடை திறப்பது பகல் 12 மணிக்கு. வியாபார நேரத்தில் இடைஞ்சல் கூடாதல்லவா.