ஏட்டுச் சோறு பசி கிளப்புமா? ஓர் ஆய்வு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நெடுங்காலமாக நிலைபெற்ற கோட்பாடு. ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) அதைச் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. இந்த அனிமேஷன் படத்தைப் பார்த்து முடித்தவர் நேரே சமையலறைக்குப் போவது ஏன் என்பதே இவ்வாய்வின் வினா.

படத்தின் கவர்ச்சிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: டிராகனாகப் பறக்கும் நதி, தண்ணீர்மேல் ஓடும் ரயில், ஜோ ஹிசாய்ஷியின் இசை. மூன்றும் சரிதான். ஆனால் எதையும் தின்ன முடியாது. ஆகவே தள்ளுபடி.

படத்தில் வரும் உணவு நால்வகைப்படும்.

முதலாவது, பன்றியாக்குவது. ஆவியுலகின் ஆளில்லாத கடையில் நாயகி சிஹிரோவின் பெற்றோர் கேட்பாரின்றி உட்கார்ந்து வெட்டுகிறார்கள். கார்டும் ரொக்கமும் இருக்கின்றன என்று அப்பா தைரியம் சொல்கிறார். பன்றியானபின் இரண்டும் செல்லவில்லை.

இரண்டாவது, மறையாமல் காப்பது. ஆவியுலகில் எதுவும் தின்னாததால் உடல் கண்ணாடிபோல் ஆகிவிட்ட பத்து வயதுச் சிஹிரோவுக்கு, அவளுக்கு உதவும் சிறுவன் ஹாகு ஊட்டும் சின்னஞ்சிறு பழம்.

மூன்றாவது, கக்கவைப்பது. ஆற்றுக் கடவுள் தந்த மருந்துருண்டையை டிராகனாக மாறிய ஹாகுவின் வாயில் திணிக்கும் காட்சிக்காக, நாயின் தாடை எப்படித் திறக்கிறது என்று பார்க்க ஓவியர்கள் கால்நடை மருத்துவமனைக்கே போனார்கள்.

நான்காவது, அழவைப்பது. ஆய்வின் மையம் இதுவே. ஹாகு நீட்டுவது வெறும் வெள்ளைச் சோற்றுருண்டை. செடிகளுக்கிடையே குறுகி உட்கார்ந்திருக்கும் சிஹிரோ முதலில் வேண்டாம் என்கிறாள். பிறகு ஒரு வாய் கொறிக்கிறாள். இன்னொரு வாய். கன்னம் உப்பியிருக்கும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது. ஒவ்வொரு துளியும் கண்ணளவு பெரிது; அப்படி யாருக்கும் வராது என்று எவரும் ஆட்சேபிப்பதில்லை. சூனியக்காரி யுபாபா பெயரையே பிடுங்கிக்கொண்டபோதுகூட உடையாதவள், சோறு உள்ளே போனதும் உடைகிறாள்.

படத்தில் வரும் கொதிகலன் அறையின் ஆறு கைக் கிழவரை நம்பத் தயங்குகிற பெரியவயதுப் பார்வையாளரும் இந்தச் சோற்றை நம்பிவிடுகிறார். சோற்றை நம்பியபின் கிழவருக்கு ஆறு கை இருந்தாலென்ன, எட்டு இருந்தாலென்ன?

படம் 2002-இல் பெர்லினில் தங்கக் கரடியும் 2003-இல் ஆஸ்கரும் வென்றது. அந்த நடுவர்களின் வயிறு சோதிக்கப்படாதது இவ்வாய்வின் குறை.

முடிவு: ஏட்டுச் சுரைக்காய் இன்னும் கறிக்கு உதவாது, ஏட்டுச் சோறோ கறி கேட்கிறது. சரிபார்க்க விரும்புவோர் சோறு வடித்துவைத்துவிட்டு உட்காரவும். படம் 2 மணி நேரத்துக்கும் மேல்.